புது வீட்டோடு வந்தவர்கள்

வீடு மாறுவது என்றால் நாம் எதற்கெல்லாம் பயப்படுகிறோம்! கண்ணாடிச் சாமான் உடையுமோ, கேஸ் கனெக்‌ஷன் மாற்ற எத்தனை நாள் ஆகுமோ, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமோ என்று. 2022 மே மாதம் என் கணவருக்குச் சென்னைக்கு மாற்றலாகி, கும்பகோணத்திலிருந்து மேற்கு மாம்பலத்துக்குக் குடி வந்தபோது நானும் இவற்றையெல்லாம்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். புது வீட்டோடு சில மனிதர்களும் சேர்ந்து வருவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாடகைப் பத்திரத்திலும் அது எழுதியிருக்கவில்லை!

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தி.நகர், ரங்கநாதன் தெரு, ஜவுளிக் கடல். இந்தப் பக்கம் நாங்கள். தெருவில் பாதி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். எங்களுடையது தப்பிப் பிழைத்த பழைய வீடு. மாடியில் சொந்தக்காரர், கீழ் போர்ஷனில் நாங்கள். வாசலில் இரும்புக் கேட்டு, ஒரு துளசி மாடம், இரண்டு படி. வெளிச்சமான சமையலறை. அதைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன்.

வந்த மறுநாளே காலை ஆறரைக்குக் கீரைக்கார அம்மாள் வந்துவிட்டாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகவே கேட்டைத் திறந்து, படியில் கூடையை இறக்கி, "கீழ் போர்ஷனு! கீழ் போர்ஷனு!" என்று குரல் கொடுத்தாள். அதுதான் இந்தத் தெருவில் எனக்குக் கிடைத்த முதல் பெயர். வேண்டாம் என்றால் போக மாட்டாள். "காசு இன்னாத்துக்கு இப்போ? நாளைக்கிக் குடு" என்று ஒரு கட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். முதல் வாரம் எனக்குக் கோபமாக வந்தது. கும்பகோணத்தில் நானாகப் போய்ப் பொறுக்கி எடுத்து வாங்கிப் பழகியவள் நான். இவள் யார், என் வீட்டுச் சாப்பாட்டைத் தீர்மானிக்க? ஆனால் பெரிய பெண்ணுக்கு வாயில் புண் வந்து அவதிப்பட்டபோது, நான் சொல்லாமலே முகத்தைப் பார்த்துவிட்டு, முளைக்கீரையை எடுத்து உள்ளே போட்டு மணத்தக்காளிக் கீரையை வெளியே எடுத்தவள் அவள்தான். தேங்காய்ப்பால் விட்டுச் செய்து கொடுத்தேன். அதற்கப்புறம் நான் பேரம் பேசுவதில்லை.

அடுத்தவர் எதிர்வீட்டு சார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் அவருக்கு 'தண்ணி சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்த வீட்டில் மோட்டார் நிறைய நேரம் ஓடுகிறது, எந்த வீட்டுத் தொட்டி வழிகிறது, யார் பச்சைக் கூடையில் பிளாஸ்டிக் போடுகிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். 2019 கோடையில் சென்னையில் குழாய் வறண்டு ஜனங்கள் குடத்தோடு லாரிக்கு அலைந்ததைப் பார்த்தவர். சொட்டுத் தண்ணீர் வீணானாலும் அவருக்கு மனசு ஆறாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அழையாத விருந்தாளியாக வந்து என் பூந்தொட்டிகளுக்கு அடியிலுள்ள தட்டுகளைத் தூக்கிப் பார்ப்பார். "ஏம்மா, இதுல தண்ணி நிக்குதே? ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை கொசுவாயிடும். கொட்டினா மட்டும் போதாது. டெங்குக் கொசு முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கும், தேச்சுக் கழுவணும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டு இருக்கே, பாத்தியா?" என்பார். நான் பார்க்கவில்லை. அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது! இழுத்துப் பார்த்தால் உள்ளே புழு நெளிகிறது. மாம்பலம் கொசுவைப் பற்றி அந்தக் காலத்திலிருந்தே எத்தனையோ கேலி உண்டு. என் ஃபிரிட்ஜிலும் ஒரு பண்ணை ஓடியது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் வாராவாரம் ஒருவர் வந்து சோதனை போட்டால் எரிச்சல் வராதா, நீங்களே சொல்லுங்கள்.

இவர்களைக்கூடச் சமாளித்துவிட்டேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் மூன்றாமவர்.

குடி வந்து பத்து நாள் இருக்கும். மத்தியானம் நாலு மணி. கேட்டுத் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எழுபத்தைந்து எண்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், சுத்தமான கைத்தறிப் புடவை, கையில் மஞ்சள் பை. செருப்பைக் கழற்றித் துளசி மாடத்துக்குப் பின்னால் ஒழுங்காக விட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "தம்பி வந்துட்டானா?" என்றார். என் மகன் பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வருவான். அவனைத்தான் கேட்கிறார், பள்ளியில் யாரோ பிள்ளையுடைய பாட்டி போலிருக்கிறது என்று நினைத்து, "இன்னும் வரலைம்மா" என்றேன். "சரி, பால் சுட வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போய்விட்டார்! இடது பக்க அலமாரியில் இரண்டாவது தட்டைத் துழாவி, "பாலை எங்க எடுத்து வச்சே?" என்று என்னையே அதட்டினார்.

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. பட்டணத்தில் யாரையும் உள்ளே விடாதே என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "யாருங்க நீங்க? வெளியில போங்க முதல்ல!" என்று கத்திவிட்டேன். அந்த அம்மாள் பயந்துபோய், உதடு துடிக்க, அழுதுகொண்டே படியிறங்கினார். சற்று நேரத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "மன்னிச்சிடுங்கக்கா" என்று அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் தாழ்ப்பாள் சத்தம். "தம்பி வந்துட்டானா?" அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. நான் சொல்லிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன். மாடியில் போய்ச் சொந்தக்காரரிடம் முறையிட்டேன். "ஆமாம்மா, பாவம்" என்று பேச்சை மாற்றிவிட்டார். என் சின்னப் பெண் நாலு மணியானால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தாள். என் கணவர் ஒரு பூட்டு வாங்கி வந்தார். மத்தியானம் மூன்றரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவேன். அவர் வந்து கேட்டைப் பிடித்து ஆட்டுவார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். நான் உள்ளே மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

விஷயத்தைச் சொன்னவர் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். "உங்களுக்குத் தெரியாதாக்கா? அந்தப் பாட்டி உங்க போர்ஷன்லதான் இருபத்தேழு வருஷம் இருந்தாங்க. புள்ளை பக்கத்துத் தெருவுல ஃபிளாட் வாங்கினப்புறம் காலி பண்ணாங்க. பெரியவரு போயிட்டாரு. இப்ப நாலஞ்சு வருஷமா இப்படி. புள்ளைக்கே அம்பது தாண்டிடுச்சு. அவரைத்தான் ஸ்கூல்லேருந்து வந்துட்டானான்னு கேக்குறாங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் இதுக்காகவே காலி பண்ணிட்டாங்க" என்றார்.

கேட்டதும் மனசு இளகியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. எனக்குச் சொந்தக்காரர்மேல் கோபம் வந்தது. அந்த மருமகள்மேல் அதைவிடக் கோபம் வந்தது. வீட்டு மனுஷியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் ஊரார் வீட்டுக் கேட்டுக்கு அனுப்புகிறாளே என்று. பூட்டை நான் எடுக்கவில்லை.

நவம்பர் முதல் வாரம். விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு. நாலு மணிக்கு, அந்த மழையிலும், கேட்டு ஆடியது. என் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. வழக்கம்போல அந்தப் பெண் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று இருந்துவிட்டேன். சத்தம் நின்றது. போய்விட்டார் என்று நிம்மதியாகக் காபி கலந்தேன்.

ஆறு மணிக்கு ஒரு பெண்மணி தொப்பலாக நனைந்து வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். அலுவலகப் பை தோளில் அப்படியே இருந்தது. "அத்தை இங்க வந்தாங்களா? அந்தப் பொண்ணு மழையில இன்னிக்கி வரலை. வாட்ச்மேன் கவனிக்கலையாம்" என்றார். நான், "வரலையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பழி நம்மேல் வந்துவிடுமோ என்ற பயம் நாக்கில் முந்திக்கொண்டது. அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். தெருமுனை வரை போய்விட்டார். என் மகன் உள்ளேயிருந்து, "ஏம்மா, பாட்டிதான் வந்தாங்களே?" என்றான். குடைகூட எடுக்காமல் ஓடினேன். "வந்தாங்க. நாலு மணிக்கு. நான்தான் திறக்கலை" என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்தப் பக்கமாப் போனாங்கன்னு பாத்தீங்களா?" அதையும் நான் பார்த்திருக்கவில்லை.

பாட்டியின் மகன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். என் கணவர் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போனார். இஸ்திரிக்காரர் துரைசாமி சப்வே பக்கம் சைக்கிளை மிதித்தார். சப்வேயில் தண்ணீர் நின்றால் என்ன கதி என்று எல்லோருக்கும் அதே நினைப்பு; ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்போதுதான் தண்ணி சார் குடையோடு வந்து கேட்டார்: "கேட்டுப் பூட்டியிருந்துதா? பூட்டியிருந்தா, பையன் இன்னும் வரலேன்னுதானே அவங்க நினைச்சிருப்பாங்க? அவன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்? அங்க போய்ப் பாருங்க."

அங்கேதான் இருந்தார். ஒன்றரை கிலோமீட்டர் மழையில் நடந்து, மூடிய பள்ளிக்கூடத்தின் வாசலில். அந்த வாட்ச்மேன் நல்ல மனிதர். தன் நாற்காலியில் உட்கார வைத்து, தன் துண்டைப் போர்த்தியிருந்தார். ஒரு செருப்பு இல்லை. காலில் கண்ணாடி கிழித்து ரத்தம். மஞ்சள் பைக்குள் ஒரு சின்ன டிபன் டப்பா, அதில் நாலு பிஸ்கட். மகனைப் பார்த்து, "என் பையனைப் பாத்தீங்களா சார்?" என்று அவரிடமே கேட்டாராம்.

காலுக்குத் தையல், டி.டி. ஊசி, நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் நான் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். தலை நிமிர்ந்து உள்ளே போக முடியவில்லை. மருமகள் நாற்காலியை எடுத்துப் போட்டு, "நீங்க வருவீங்கன்னு எதிர்பாக்கலை" என்றார். அன்றைக்கு அவர் சொல்லிக் கேட்டுத்தான் எனக்கு இந்த நோயைப் பற்றிப் புரிந்தது.

வயதானால் மறதி வரும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது வேறு. மூக்குக் கண்ணாடி எதற்கு என்பதே மறப்பது வேறு. இரண்டாவது நோய். டிமென்ஷியா என்கிறார்கள். 2023-இல் வெளியான ஓர் ஆய்வின்படி நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு, இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். புதிய நினைவுகள்தான் முதலில் அழியும். காலையில் சாப்பிட்டது போய்விடும், நாற்பது வருஷத்துக்கு முந்திய சமையலறை அப்படியே நிற்கும். வெளிச்சம் மங்கும் சாயங்கால நேரத்தில் பலருக்குத் தவிப்பு கூடும். வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். பாட்டிக்கு அந்த நேரமும் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமும் ஒன்றாகிப் போய்விட்டன.

முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் மறதி என்றதும் எல்லாம் இதுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாதாம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், இவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சரிசெய்தால் தேறலாம். நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் திடீரென்று குழம்பினால் சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம் இவற்றை நடுவயதிலேயே கவனித்துக்கொண்டால் பின்னால் இந்த நோய் வரும் வாய்ப்பு குறையும். நடுவயது என்றால் நாம்தான், வேறு யாருமில்லை!

"உங்க பிள்ளைக்கு அம்பது வயசாச்சு, வீட்டுக்காரர் செத்துட்டார்னு நாங்க முதல்ல எடுத்துச் சொல்லுவோம். ஒவ்வொரு தடவையும் புதுசா அழுவாங்க. அப்புறம் டாக்டர்தான் சொன்னார், வாதம் பண்ணாதீங்க, அவங்க இருக்கிற இடத்துக்கு நீங்க போங்கன்னு" என்றார் மருமகள். வேலையை விட்டுவிடலாம் என்றால் ஃபிளாட்டுக் கடன் முடிய இன்னும் ஆறு வருஷம். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்புறம் நாங்கள் சில ஏற்பாடுகள் செய்தோம். பாட்டியின் பையிலும், எல்லா ரவிக்கைகளின் உட்பக்கத்திலும் போன் நம்பர் எழுதித் தைத்தோம். அவர்கள் வீட்டுக் கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி வைத்தார்கள். தெருவில் கீரைக்கார அம்மாளிலிருந்து இஸ்திரிக்காரர் வரை எல்லோரிடமும் அந்த நம்பர் இருக்கிறது. நோயை மூடி மறைத்தால் தேடவும் ஆள் இருக்காது. இப்படி யாராவது காணாமல் போனால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். உடனே 100 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். முன்பு குடியிருந்த வீடு, வேலை பார்த்த இடம், கோவில், பள்ளிக்கூடம் இவற்றில் முதலில் தேடுங்கள். முதியோருக்கான உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்கள் உள்ளன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பூட்டை எடுத்துவிட்டேன். நாலு மணிக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும், "இப்ப வந்துடுவான், உக்காருங்க" என்பேன். அரை டம்ளர் காபி. பிறகு முறத்தில் கீரையைப் போட்டு முன்னால் வைப்பேன். பெயர் மறந்து, ஊர் மறந்து போனவரின் விரல்களுக்குக் கீரை ஆய மறக்கவில்லை. ஒரு புல், ஒரு முற்றிய தண்டு தப்பாது. என்னைவிடச் சுத்தம். ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்து அழைத்துப் போவாள். என் மகன் உள்ளே வந்ததும் சில நாள் அவன் தலையைத் தடவி, "எவ்வளவு நேரம்டா?" என்பார். அவனும் "ஸ்பெஷல் கிளாஸ் பாட்டி" என்பான். சின்னப் பெண், "பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?" என்று என்னை மடக்கினாள். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

எல்லா நாளும் நான் இப்படித் தங்கமாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவலி வந்த நாளில், விருந்தாளி வந்திருக்கும் நாளில், அந்தச் சத்தம் கேட்டதும் பல்லைக் கடித்தது உண்டு. ஒருநாள் அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துப் பற்ற வைத்துவிட்டார். அன்றிலிருந்து மூன்றே முக்காலுக்கு சிலிண்டரை மூடிவிட்டுத்தான் உட்காருவேன். நோயாளி உள்ள வீட்டார் இருபத்துநாலு மணி நேரமும் செய்வதை நான் ஒரு மணி நேரம் செய்தேன், அவ்வளவுதான்.

இந்த வருஷம் நடை தளர்ந்துவிட்டது. அவர் வருவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் நான் கீரையோடு அங்கே போகிறேன். கீரைக்கார அம்மாள் அதற்கென்று ஒரு கட்டு கூடுதலாக வைக்கிறாள்; காசு கேட்டால், "அது பாட்டி கணக்கு" என்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை பாட்டி என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ எந்தப் போர்ஷன்?" என்றார். "கீழ் போர்ஷன்" என்றேன். "அங்க ராத்திரியில பாலை நல்லா மூடி வை. பின்பக்கத்து ஜன்னல் வழியா பூனை வரும்" என்றார்.

வருகிறது.